குடல் புற்றுநோய்ப் பொதி ஏன் அலுமாரியிலேயே கிடக்கிறது? இங்கிலாந்துக் குடும்ப வைத்தியர்கள் காணும் தடைகள்

கேள்வி இது: கிழக்கு லண்டனில் இருக்கும் 66 வயதுத் தாயாருக்கு என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) அனுப்பும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி, அதாவது வீட்டிலேயே மல மாதிரி எடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பும் பொதி, மூன்று தடவை வந்துவிட்டது. மூன்றும் குப்பைக்குப் போய்விட்டன. சீனி வருத்தத்துக்காக அடிக்கடி சேர்ஜரிக்கு (குடும்ப வைத்தியர் நிலையத்துக்கு) போய் வருகிறார், அங்கே ஒருவரும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குடும்ப வைத்தியர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்களையும் மக்களையும் எது தடுக்கிறது?

வைத்தியர்கள் சொல்லும் தடைகளில் பெரும்பாலானவை இரண்டு நிமிடம் ஆறுதலாகக் கதைத்தால் தீரக்கூடியவை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் யாருடைய வேலை என்று இந்தத் திட்டத்தில் எழுதப்படவில்லை. அது ஏன் என்று விளங்க, திட்டம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்தத் திட்டம் 2006இல் தொடங்கியது. அப்போது 60 முதல் 69 வயது வரை, பிறகு 74 வரை. 2021 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாகக் கீழ் வயதை 50க்கு இறக்கினார்கள். இன்று 50 முதல் 74 வரையுள்ள எல்லோருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பொதி வீட்டுக்கு வரும். அதை அனுப்புவது உங்கள் ஜீபி (குடும்ப வைத்தியர்) இல்லை. முழு இங்கிலாந்துக்கும் ஐந்து மையங்கள் இருக்கின்றன. லண்டனுக்கானது சென்ட் மார்க்ஸ் வைத்தியசாலையோடு சேர்ந்தது. ஜீபியிடம் பதிந்திருக்கும் பெயர், வயது, விலாசம் ஆகியவற்றை எடுத்து மையமே கடிதம் போடும், பொதி அனுப்பும், ஆய்வுகூடத்தில் பார்க்கும், முடிவை அனுப்பும். முதலில் ஒரு அறிவித்தல் கடிதம், ஒரு வாரமளவில் பொதி, நாலு வாரமளவில் ஒரு நினைவூட்டல். சுமார் 13 வாரத்துக்குள் ஒன்றும் திரும்பி வராவிட்டால் அந்தச் சுற்றை மூடிவிட்டு, "பதில் இல்லை" என்று ஜீபிக்கு ஒரு மின் தகவல் போகும்.

அந்த மின் தகவலில்தான் முதல் சிக்கல். இரத்தப் பரிசோதனை முடிவுகள், வைத்தியசாலைக் கடிதங்கள், மருந்துக் கோரிக்கைகள் என்று நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும் பெட்டிக்குள் அதுவும் விழுகிறது. யாரோ ஒரு அலுவலர் அதைக் குறியீடாகப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அடுத்த முறை தாயார் சீனிக்காகப் போகும்போது வைத்தியரின் திரையில் எச்.பி.ஏ.1.சி. (சீனி அளவு), பிரஷர், பாதப் பரிசோதனை எல்லாம் கண்ணில் குத்துவது போல வரும். குடல் பரிசோதனை தவறியது, தேடிப் பார்த்தால்தான் வரும். சந்திப்புக்கு இருப்பது பத்து நிமிடம். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்தால் அதில் பாதி போய்விடும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலக்கமாகும். அதற்கான மாதிரியைச் சேர்ஜரியின் தாதியே எடுக்கிறார். எத்தனை பேர் செய்தார்கள் என்பது சேர்ஜரிக்குக் கிடைக்கும் கொடுப்பனவிலும் சேர்கிறது. ஆகவே வரவேற்பு மேசையில் இருப்பவர்கூட "உங்களுக்கு ஸ்மியர் நாள் பிந்திவிட்டது" என்று நினைவூட்டுவார். குடல் பரிசோதனை நீண்ட காலமாக அந்தக் கொடுப்பனவுப் பட்டியலில் இல்லை. அண்மைய ஆண்டுகளில், அயலில் உள்ள சேர்ஜரிகள் சேர்ந்த வலையமைப்புகள் இதில் பங்கேற்பைக் கூட்ட உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் "இது எங்கள் பரிசோதனை இல்லை, மையத்தின் பரிசோதனை" என்ற எண்ணம் ஒரு ஒப்பந்த வரியால் போய்விடாது. வைத்தியர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களைச் சுற்றிப் போகும் வழியாகவே திட்டத்தைப் போட்டார்கள், அவர்களுடைய சுமையைக் குறைப்பதற்காக.

இன்னொரு தயக்கத்தையும் வைத்தியர்கள் சொல்வார்கள், அதை மதிக்க வேண்டும். இது சுகமாக இருப்பவருக்குச் செய்யும் பரிசோதனை. பிடிபடாமல் போகும் புற்றுநோய் உண்டு. மலத்தில் இரத்தம் பிடிபட்டால் கொலனோஸ்கோப்பி (கமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது), அதில் அரிதாக இரத்தப்பெருக்கும், இன்னும் அரிதாகக் குடல் துளைபடுவதும் உண்டு. ஆகவே "கட்டாயம் செய்யுங்கள்" என்று நெருக்காமல், விளக்கிவிட்டு முடிவை அவரிடம் விடவேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கிய ஒழுக்கம். பிழை எங்கே வருகிறதென்றால், நெருக்கக்கூடாது என்பதற்காகப் பேசாமலே விடுவதில். ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க முடியாமல் குப்பையில் போட்டவர் எதையும் தீர்மானித்துப் போடவில்லை.

வைத்தியர் சொல்லுக்கு உண்மையில் பலன் உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஒரு ஆய்வில், சேர்ஜரியின் பெயரில் ஜீபி கையொப்பமிட்ட தனிக் கடிதம் சேர்ந்து போனபோது பங்கேற்பு ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளி கூடியது. பின்னர் நாடளாவிய பெரிய ஆய்வொன்றில், அழைப்புக் கடிதத்தின் தலைப்பில் "உங்கள் சேர்ஜரி இதை ஆதரிக்கிறது" என்ற ஒரு வரியை மட்டும் அச்சிட்டார்கள். 57.5 சதவீதம் 58.2 ஆனது, அவ்வளவுதான். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தெரிந்த வைத்தியர் தன்னிடம் சொன்னதாக மக்கள் உணரவேண்டும், அச்சிட்ட வரி அந்த உணர்வைத் தராது. நோயாளியின் மொழியில் ஒருவர் தொலைபேசியில் எடுத்துக் கதைப்பது கடிதத்தைவிடவும் நல்லது.

இதை ஒழுங்காகச் செய்யும் சேர்ஜரிகள் செய்வது பெரிய வித்தையில்லை. மாதம் ஒருமுறை கணினியில் "பதில் இல்லை" குறியீடு உள்ளவர்களைத் தேடி எடுப்பார்கள். சேர்ஜரியின் பெயரோடு ஒரு குறுந்தகவல் அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் அந்த மொழி தெரிந்த ஊழியர் தொலைபேசி எடுப்பார். "பொதி வீட்டில் இருக்கிறதா, எறிந்துவிட்டீர்களா?" என்று கேட்பார். எறிந்திருந்தால் அதே அழைப்பிலேயே இலவச உதவி எண்ணுக்குப் புதிய பொதி கேட்க உதவுவார். கடைசியில், அந்த நோயாளியின் பதிவேட்டில் அடுத்த சந்திப்பில் யாரும் தவறவிடாதபடி ஒரு எச்சரிக்கைக் குறிப்பு. இந்தக் கடைசிப் படிதான் அதிகம் விடுபடுவது, அதிகம் பலன் தருவதும் அதுதான்.

இனி நோயாளிகள் பக்கம். தென்னாசிய மக்களிடையே பங்கேற்பு குறைவு என்பது திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளிலேயே தெரிந்த விடயம். இங்கிலாந்து முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அழைக்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் செய்கிறார்கள், லண்டன் அதைவிடப் பின்தங்கி நிற்கிறது. காரணம் கேட்டால் வைத்தியர்கள் "அருவருப்பு, பயம், மொழி" என்று மூன்று சொல்லில் முடிப்பார்கள். அது சரிதான், ஆனால் போதாது.

மொழி என்றால் வெறும் ஆங்கிலம் தெரியாமை மட்டுமில்லை. ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதபோதே பார்ப்பது) என்ற கருத்துக்குத் தமிழில் நாளாந்தப் பேச்சுச் சொல் இல்லை. "பரிசோதனை" என்றால் வைத்தியருக்கு ஏதோ சந்தேகம் என்றுதான் நம் ஆட்களுக்கு அர்த்தம். "குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தீர்களா?" என்று வைத்தியர் கேட்டால், "எனக்கு வயித்திலே ஒன்றுமில்லையே, ஏன் கேட்கிறார்?" என்று மனம் பதறும். "ஸ்டூல் டெஸ்ட்" என்றால் பூச்சிக்குப் பார்ப்பது என்று நினைப்பார்கள். மொழிபெயர்ப்பவர்களும் பிள்ளைகளும் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "உங்கள் வயதில் இருக்கிற எல்லோருக்கும் இது வருகிறது, உங்களுக்கு வருத்தம் என்று நினைத்து அனுப்பவில்லை. குடலில் சின்னச் சதை வளர்ந்தால் நோவு தெரியாமலே இரத்தம் கசியும், கண்ணுக்கும் தெரியாது. அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அந்தச் சதையை எடுத்துவிடலாம்." புற்றுநோய் என்ற சொல்லைக் கடைசியில் வைப்பது மறைப்பதற்காக இல்லை. அதை முதலில் சொன்னால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது.

"எனக்கு ஒன்றுமில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் மறுப்பு, இதில் வைத்தியர்கள் ஒருமித்த கருத்துடையவர்கள். அதற்கு நேரான பதில்: ஒன்றுமில்லாதபோது செய்வதற்காகவே இது இருக்கிறது. முதல் நிலையில் பிடிபட்டால் பத்துப் பேரில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டு கடந்து வாழ்கிறார்கள். நாலாம் நிலையில் அது பத்தில் ஒருவர் அளவுக்கு விழுகிறது.

"எனக்கு மூலவருத்தம், இரத்தம் வரும்தானே, பிழையாகக் காட்டும்" என்பது இன்னொன்று. மலத்தில் கண்ணால் காணும்படி இரத்தம் வந்தால் பொதிக்காகக் காத்திருக்கவே கூடாது, ஜீபியிடம் போகவேண்டும். மூலம் என்று பல ஆண்டாகத் தாங்களே முடிவுசெய்து வைத்திருந்தவர்களிடம் புற்றுநோய் பிந்திப் பிடிபடுவது எந்தக் குடும்ப வைத்தியருக்கும் புதிதில்லை. "நாங்கள் மரக்கறிச் சாப்பாடு, எங்களுக்கு வராது", "முதல்நாள் மீன்குழம்பு சாப்பிட்டேன், செய்யலாமா?" என்பவையும் உண்டு. மரக்கறி உண்பவருக்கும் வரும். மீன் சாப்பிட்டாலும் செய்யலாம். 2019 ஜூன் வரை இருந்த பழைய அட்டைப் பரிசோதனையில் உணவுக் குழப்பம் இருந்தது. மூன்று நாள் மலத்திலிருந்து ஆறு மாதிரி வேறு எடுக்க வேண்டியிருந்தது. இப்போதுள்ள ஃபிட் பரிசோதனை மனித இரத்தத்தின் ஈமோகுளோபினை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியைக் கொண்டு பார்க்கிறது. ஆட்டிறைச்சியும் மீனும் அதற்குத் தெரியாது. இரும்புக் குளிசையால் மலம் கறுத்தாலும் பிழையாகக் காட்டாது. எந்தக் குளிசையையும் இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஒரே ஒரு மாதிரி போதும். இந்த மாற்றத்தைப் பரீட்சித்தபோதே பங்கேற்பு 7 சதவீதப் புள்ளி அளவில் கூடியது. அதற்கு முன் ஒருபோதும் செய்யாதவர்களிடையே இரட்டிப்புக்குக் கிட்டப் போனது. பழைய அட்டையைக் கண்டு வெறுத்துப்போன தாய்மாருக்கு "இப்போது அப்படியில்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதே பல வீடுகளில் மிச்சமிருக்கும் தடை.

விலாசமும் பயணமும் சின்னக் காரணங்களாகத் தெரியும், ஆனால் பெரியவை. வீடு மாறி ஜீபியிடம் புதிய விலாசம் கொடுக்காதவருக்குப் பொதி பழைய வீட்டுக்குப் போகும். ஆண்டில் நாலைந்து மாதம் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நிற்பவருக்கு, அவர் இல்லாதபோது வந்த பொதியை வீட்டில் இருப்பவர்கள் விளம்பரத் தபால் என்று ஒதுக்கிவிடுவார்கள். திரும்பி வந்தபின் உதவி எண்ணுக்கு எடுத்தால் இன்னொன்று அனுப்புவார்கள், இரண்டு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஜீபியிடம் பதியாதவருக்கு எதுவும் வராது.

பொதியைத் திறந்தால் உள்ளே இருப்பவை: பச்சை மூடி போட்ட விரல் நீளச் சின்னப் போத்தல், செய்முறைத் தாள், முத்திரை தேவையில்லாத திருப்பி அனுப்பும் உறை. போத்தலுக்குள் கொஞ்சம் திரவம் இருக்கும். அது மாதிரியைப் பழுதாகாமல் வைப்பது, ஊற்றிவிடக் கூடாது. மூடியோடு சேர்ந்த குச்சியின் நுனியில் வரிவரியாகக் கீறல்கள் உண்டு.

முதலில் போத்தலில் உள்ள பெயரைப் பாருங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வாரத்தில் பொதி வந்து, இருவரும் மாற்றிச் செய்வது நடக்கிறது. காலாவதித் திகதியையும் பாருங்கள். மாதிரி எடுக்கும் நாளின் திகதியைப் பேனையால் போத்தலில் எழுதுங்கள், அதையும் மலசலகூடத்துக்குப் போகமுன் எழுதிவிடுவது நல்லது. பிறகு மறந்துபோகும், திகதி இல்லாத போத்தலை ஆய்வுகூடம் ஏற்காது.

மலம் கொமட் தண்ணீரில் விழக்கூடாது, சிறுநீரும் கலக்கக்கூடாது. முதலில் சலம் கழித்துவிடுங்கள். எறியப்போகும் ஐஸ்கிறீம் அல்லது மாஜரின் பெட்டிக்குள் ரொய்லெட் கடதாசியை மடித்து விரித்து, அதில் பிடிப்பது எல்லாவற்றிலும் சுகம். பெட்டி பிடிக்க முடியாத முழங்கால் நோக்காரருக்கு, கொமட்டின் உட்பக்கத்தில் கடதாசியைத் தடிப்பாக அடுக்கி அதன்மேல் விழவிடலாம். தண்ணீரால் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கழுவமுன் மாதிரியை எடுத்து முடியுங்கள், கழுவும் தண்ணீர் பட்டால் மாதிரி கெடும். மூடியைத் திருகித் திறந்து, குச்சியின் கீறல்கள் எல்லாம் மூடும்வரை மலத்தின் மேற்பரப்பில் பல இடங்களில் இழுங்கள். அள்ளி எடுக்கக் கூடாது. கீறலுக்குள் நிற்கும் அளவுதான் தேவை, கட்டியாக எடுத்தால் போத்தல் வாயில் அப்பி மாதிரி பழுதாகும். குச்சியைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டு, "கிளிக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூடுங்கள். பிறகு திறந்து பார்க்க வேண்டாம். கை கழுவி, உறைக்குள் போட்டு ஒட்டி, அன்றைக்கே தபாற்பெட்டியில் போடுங்கள். முடியாவிட்டால் மறுநாள். காரின் முன்பக்கத்திலோ ஹீற்றருக்கு மேலோ வைத்துவிட்டு மறந்துவிட வேண்டாம், சூட்டில் ஈமோகுளோபின் சிதையும். அப்போது இரத்தம் இருந்தாலும் இல்லையென்று வரக்கூடும்.

மாதிரி பழுதென்றால் புதிய பொதி அனுப்புவார்கள். இந்த இரண்டாவது பொதிதான் பலர் செய்யாமல் விடுவது. "பழுது" என்று வந்த கடிதத்தை "வருத்தம்" என்று விளங்கிப் பயந்தவர்களும் உண்டு, "ஒருக்கால் செய்தேன்தானே" என்று விட்டவர்களும் உண்டு.

இனி, வைத்தியர்களை உண்மையில் அதிகம் கவலைப்படுத்தும் தடைக்கு வருகிறேன். வெளியே அதிகம் பேசப்படாதது இது. ஃபிட் என்ற ஒரே பெயரில் இரண்டு பாதைகள் ஓடுகின்றன. திட்டத்தின் பாதையில், 2019இல் இங்கிலாந்து தொடங்கியபோது வைத்த வரம்பு ஒரு கிராம் மலத்துக்கு 120 மைக்ரோகிராம் ஈமோகுளோபின். கொலனோஸ்கோப்பி செய்யும் ஆட்களும் இடமும் போதாமையால் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். ஸ்கொட்லாந்து 80இல் தொடங்கியது. ஆனால் அறிகுறியோடு ஜீபியிடம் போகும் ஒருவருக்கு, அதாவது மலம் போகும் பழக்கம் மாறியவர், காரணமில்லாமல் மெலிந்தவர், இரும்புச்சத்து குறைந்து சோகை வந்தவர் போன்றோருக்கு, ஜீபி தானே ஒரு ஃபிட் போத்தல் கொடுப்பார். அங்கே வரம்பு 10. பத்தும் அதற்கு மேலும் என்றால் அவசரப் புற்றுநோய்ப் பாதையில் அனுப்புவார்.

இப்போது பாருங்கள். ஒருவருடைய மலத்தில் 60 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 என்ற வரம்பின் கீழ் அவருக்கு வரும் கடிதம் "மேலும் பரிசோதனை தேவையில்லை" என்று சொல்லும். எண் சொல்லப்படாது, ஜீபிக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அவருக்கு வயிறு இளகிப் போகத் தொடங்குகிறது. "அண்மையில்தானே குடல் பரிசோதனை செய்து நல்லதென்று வந்தது" என்று அவர் ஜீபியிடம் போகாமல் இருக்கிறார். போனாலும், வேலைச்சுமையில் இருக்கும் வைத்தியர் அதே கடிதத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிடக்கூடும். இரண்டுமே பிழை. திட்டத்தின் முடிவு, அறிகுறி இல்லாதவருக்கு மட்டும் பொருந்துவது. அறிகுறி வந்தால் முந்திய கடிதத்தை ஒதுக்கிவிட்டு, 10 என்ற வரம்புள்ள பரிசோதனையைப் புதிதாகச் செய்யவேண்டும். சேர்ஜரியில் இதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு: "இது அறிகுறிக்கான ஃபிட், போன தடவை செய்தது ஸ்கிரீனிங்."

இதன் மறுபக்கப் பிழையும் உண்டு. திட்டத்தின் முடிவு மேலதிகப் பரிசோதனை தேவை என்று வந்ததும், பயந்துபோன நோயாளி ஜீபியிடம் ஓடி "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று கேட்பார். இரக்கத்தில் ஜீபியும் இன்னொரு ஃபிட் கொடுத்துவிடுவார். அது இல்லையென்று வந்தால் இருவரும் ஆறுதலடைவார்கள். புண்ணோ சதையோ எல்லா நாளும் இரத்தம் கசிவதில்லை, ஆகவே இரண்டாவது முடிவு முதலாவதை அழிக்காது. ஒருமுறை வரம்பு தாண்டினால் அடுத்தது கொலனோஸ்கோப்பி.

120 என்ற வரம்பில் அப்படி அழைக்கப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். அவர்களிலும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது. பலருக்குச் சதைகள் இருக்கும், அவற்றை அப்போதே எடுத்துவிடுவார்கள். ஆனாலும் சிலர் போகாமல் விடுகிறார்கள், அங்கேயும் காரணங்கள் மிக நடைமுறையானவை. முதலில் சிறப்புத் தாதி ஒருவர் தொலைபேசியிலோ நேரிலோ கதைப்பார். தெரியாத எண்ணிலிருந்து வருவதால் நம் ஆட்கள் எடுப்பதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். மகனோ மகளோ மொழிபெயர்ப்பதைவிட அது நல்லது. மலம், மூலம், வாயு என்பதையெல்லாம் தாய் மகனுக்கு முன்னால் சொல்லமாட்டார், மகனும் பாதியை விழுங்கிவிடுவார்.

குடலைத் தயார்செய்வதில்தான் அதிகம் பிழைக்கிறது. கொடுக்கும் தாளில் வெள்ளைப் பாணும் உருளைக்கிழங்கும்தான் எழுதியிருக்கும், நம் சமையலுக்கு அது விளங்காது. இரண்டு மூன்று நாள் நார் குறைந்த உணவு என்றால்: வெள்ளை அரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பம், முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தெளிந்த சொதி சரி. சிவப்பரிசி, குரக்கன், பருப்பு, கடலை, கீரை, வல்லாரை, தேங்காய்ச் சம்பல், கத்தரி, வெண்டி, விதையுள்ள தக்காளி வேண்டாம். பிறகு தெளிந்த பானம் மட்டும் என்று சொல்லும் நேரம் வந்ததும் பால் விடாத பிளேன் ரீ குடிக்கலாம், பால் ரீ கூடாது. சிவப்பு நிறச் சர்பத்தும் கூடாது, குடலில் அது இரத்தம் போலத் தெரியும். இரும்புக் குளிசையை ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக் கமராவுக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றைக் கழுவும் மருந்தை இரண்டு பங்காகக் குடிக்கச் சொல்வார்கள். முதற்பங்கிலேயே தண்ணீராகப் போய்விட்டது என்று இரண்டாவதைக் குடிக்காமல் விட்டால், வலப்பக்கக் குடல் அழுக்காக இருக்கும், எல்லாம் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

சீனி வருத்தக்காரர் இன்சுலினையோ குளிசையையோ தாங்களாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சாப்பாடில்லாத நாளில் வழமையான அளவு போட்டால் சீனி ஆபத்தாக இறங்கும். டபாகிளிஃப்ளோசின் போன்ற சீனிக் குளிசைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அபிக்சபான், குளோப்பிடோகிரல் எடுப்பவர் முதல் அழைப்பிலேயே அதைச் சொல்லவேண்டும். மயக்க மருந்து எடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் 24 மணி நேரம் கூட இருக்கவும் ஒருவர் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே நாளை ரத்துச் செய்கிறார்கள். மயக்க ஊசி இல்லாமல் வாயுவை மட்டும் சுவாசித்துச் செய்யும் வழியும் உண்டு, அதற்குத் துணை தேவைப்படாது. தாதியிடம் கேட்கலாம். உடல் தாங்காதவருக்கு சி.ரி. ஸ்கேன் மூலம் குடலைப் பார்க்கும் வழி இருக்கிறது.

பொதி போதாதவர்களும் இருக்கிறார்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு 50 வயதுக்கு முன் குடல் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது இருவருக்கு எந்த வயதிலாவது வந்திருந்தால், ஜீபியிடம் சொல்லித் தனியாகப் பார்க்கவேண்டும். குடும்ப வைத்தியரின் பதிவேட்டில் இந்தத் தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊரில் இறந்த பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் "வயித்து வருத்தம்" என்றுதான் குடும்பத்தில் சொல்லப்பட்டிருக்கும். 75 ஆனவருக்குப் பொதி தானாக வருவது நின்றுவிடும். விரும்பினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்டு எடுக்கலாம், ஆனால் மிகத் தளர்ந்தவருக்குக் கொலனோஸ்கோப்பி தாங்குமா என்பதை ஜீபியோடு கதைத்துவிட்டுக் கேட்பது நல்லது.

உங்கள் தாயாருக்கு இப்போது செய்யவேண்டியது: அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 0800 707 60 60 என்ற இலவச எண்ணுக்கு எடுங்கள். அவர் சம்மதம் சொன்னபின் நீங்கள் கதைக்கலாம், என்.எச்.எஸ். எண்ணைக் கையில் வைத்திருங்கள். முன்பு எப்போதாவது "இனி வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். புதிய பொதி கேளுங்கள். அடுத்த சீனிச் சந்திப்பில், "அம்மாவுக்குக் குடல் பரிசோதனைப் பொதி திரும்ப வருகிறது, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று வைத்தியரிடம் அவர் முன்னாலேயே கேளுங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பொதி வந்ததும் அலுமாரிக்குள் வைக்காமல், ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியோடும் பேனையோடும் சேர்த்து மலசலகூடத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.